மூன்று நாளை ஒரு நாள் என்றேன்

என் மகள் பூங்காவனத்துக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது ஆறு வயது. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டாவது மாசி மாதம் அது. உயிர் பிழைத்தாள், காது போயிற்று. எப்படிப் போயிற்று என்று பாகூரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். டாக்டர் போட்ட ஊசி என்கிறார்கள், மாரியாத்தா கோபம் என்கிறார்கள், செய்வினை என்றுகூட ஒருத்தி சொன்னாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆட்டி ஆட்டி எனக்கே அலுத்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் ஒரு பொய் சொன்னேன். பிள்ளை மூன்று நாளாகக் கிடந்ததை ஒரு நாள் என்று சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்கிற பொய்தான், அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அது என் பிள்ளையோடு நிற்கவில்லை. இன்னொருத்தி பிள்ளை தலையிலும் விடிந்தது.

எங்கள் வீடு ஊருக்குள் இல்லை. ஏரி வாய்க்கால் ஓரமாகக் கொல்லையிலேயே கட்டிய வீடு. கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. மாசியில் கரும்பு வெட்டி வெல்லம் காய்ச்சுகிற நேரம். என் வீட்டுக்காரர் கரிக்கலாம்பாக்கம் பக்கத்தில் பங்காளி கொல்லையில் ஆலை போட்டிருந்த இடத்தில் தங்கிவிட்டார். பாகுக் கொப்பரை ஏறிவிட்டால் அடுப்பை விட்டு நகர முடியாது. வீட்டில் நானும் பூங்காவும்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. தொட்டால் உடம்பு கொதித்தது. "தல இடிக்குதும்மா" என்றாள். குடித்த நீராகாரம் அப்படியே வெளியே வந்தது. வெயிலில் ஆடினது என்று நினைத்து நெற்றியில் பற்றுப் போட்டேன். பொழுது சாயும்போது பாவாடையை மாற்றினேன். வயிற்றிலும் தொடையிலும் புள்ளி புள்ளியாக இருந்தது. உடனே கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த வருஷம் பக்கத்து ஊர்களில் அம்மை இருந்தது, எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஆத்தா வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அதை நோய் என்றே சொல்லக்கூடாது. வாசலில் வேப்பிலை செருக வேண்டும். தாளிக்கக்கூடாது, தலை வாரக்கூடாது, வெளியாள் வரக்கூடாது. மருந்து கண்ணிலேயே காட்டக்கூடாது. மருந்து கொடுத்தால் வெளியே வர வேண்டியவள் உள்ளே திரும்பிக் கண்ணைப் பறித்துக்கொள்வாள் என்பார்கள். எனக்கு எட்டு வயதில் அம்மை வந்து வேப்பிலையிலேயே கிடந்து பிழைத்தவள் நான். தழும்பு இன்னும் மூக்கில் இருக்கிறது. அதனால் எனக்கு இதில் ஒரு அதிகாரமே இருந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, மாமியார் செத்து நாலு வருஷம். எல்லாம் நானே செய்தது.

அம்மைக் கொப்புளம் மேடாக எழும்பும், உள்ளே நீர் கோக்கும். பூங்கா உடம்பில் இருந்த புள்ளிகள் எழும்பவே இல்லை. நாவல்பழக் கறை மாதிரி தோலோடு தோலாகக் கருநீலமாகக் கிடந்தன. விரலால் அழுத்தினாலும் மறையவில்லை. அதைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்தா இன்னும் முழுசாக வெளியே வரவில்லை, உக்கிரமாக உள்ளேயே இருக்கிறாள், குளிர்ச்சி பண்ணினால் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உடம்பெல்லாம் பூசினேன். புள்ளிகள் அதற்குள் மறைந்துபோயின. இளநீர் கொடுத்தேன், வாந்தி எடுத்தாள்.

சனிக்கிழமை கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுக் கத்தினாள். மடியில் எடுத்தால் அதைவிட அதிகமாகக் கத்தினாள். தலையைப் பின்னால் வளைத்து வைத்துக்கொண்டாள், முன்னுக்குக் கொண்டுவர முடியவில்லை. அன்றைக்கு மத்தியானம் ஆலைக்குச் சோறு எடுத்துப்போக ஆள் வந்தான். வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் தள்ளியே நின்றான்.

"பாப்பாவுக்கா?" என்றான்.

"ஆமாம். அவுருகிட்ட சொல்லாத. கொப்பரைய உட்டுட்டு ஓடியாந்துடுவாரு. நாலு நாள்ல தண்ணி ஊத்திடுவன், அப்புறமா சொல்லிக்கலாம்" என்றேன்.

அவன் நல்லவன், சொன்ன சொல் மாறாதவன். அவரிடம் சொல்லவே இல்லை.

ஞாயிறு மத்தியானம் வீட்டுக்காரர் தானாகவே வந்தார். அவர் வாசல்படி ஏறவும் பூங்காவுக்கு வலிப்பு வரவும் சரியாக இருந்தது. கண் மேலே சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. "எப்பத்துலேர்ந்துடி இப்படி கீறா?" என்று கத்தினார்.

"நேத்து சாயந்தரந்தான்" என்றேன். வாயில் தானாக வந்தது. வெள்ளிக்கிழமை என்று சொன்னால், ஆளிடம் ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சொன்னேன். அடிக்கிற மனுஷன் இல்லை அவர். அடிக்கிறவராக இருந்திருந்தால்கூட ஒரு சாக்கு இருந்திருக்கும்.

வண்டி பூட்டி கன்னியக்கோயில் ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் முந்தானையை நனைத்து அவள் மேல் இருந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டே போனேன். டவுன்காரர்கள் பார்த்தால் ஏதாவது சொல்வார்கள் என்று எனக்குக் கவலை. பிள்ளை போகிற நிலைமையில் அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

டாக்டர் சின்ன வயசு. நம்ம தமிழ் ஆள்தான், ஆனால் படிப்பெல்லாம் பிரெஞ்சில், எழுதுவதும் பிரெஞ்சில். பழைய ஆட்கள் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்பார்கள். பூங்காவை மல்லாக்கப் படுக்க வைத்து, பிடரியில் கை கொடுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தார். கழுத்து மடங்கவில்லை. தோளும் சேர்ந்து எழுந்தது, முழங்கால் இரண்டும் தானாக மடங்கியது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"எப்போ ஆரம்பிச்சுதுங்க?"

"நேத்து சாயந்தரங்க" என்றார் என் வீட்டுக்காரர். நான் சொன்னதை நம்பித்தான் சொன்னார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? இந்தப் புள்ளிங்க?"

"காலையிலதாங்க பார்த்தன்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றார். முதுகுத் தண்டில் குத்தினால் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விடும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதாவது எல்லோரும் அப்படி நம்பிக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். டாக்டர் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மூளையைச் சுற்றி மெல்லிய உறை இருக்கிறது, அதே உறை முதுகுத் தண்டு வழியாக இடுப்பு வரைக்கும் இறங்குகிறது, உள்ளே தெளிந்த நீர் இருக்கும். மூக்கிலோ தொண்டையிலோ காதிலோ இருக்கிற கிருமி சிலருக்கு ரத்தத்தில் ஏறி அந்த உறைக்குள் போய்விடும். அப்போது உறை வீங்கும், நீர் கெடும். தலைவலி, வாந்தி, வெளிச்சம் ஆகாதது, கழுத்து விறைப்பு எல்லாம் அதனால்தான். எந்தக் கிருமி என்று தெரிந்துகொள்ள அந்த நீரைப் பார்க்க வேண்டும். தண்டு முடிகிற இடத்துக்குக் கீழேதான் குத்துவேன், கால் போகாது என்றார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

பூங்காவைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலும் தலையும் தொடுகிற மாதிரி சுருட்டி நான்தான் பிடித்துக்கொண்டேன். கூட நின்ற கன்னியாஸ்திரீயை எல்லோரும் மாசேர் என்று கூப்பிட்டார்கள். அவள் எனக்கு எதிர்ப்பக்கம் பிடித்தாள். ஊசி நீளமாக இருந்தது. பிள்ளை கத்தக்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொட்டுச் சொட்டாகக் குப்பியில் விழுந்த நீர் அரிசி கழுவின தண்ணீர் போலக் கலங்கலாக இருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மூளைக்காய்ச்சல்தான்" என்றார்.

அன்றைக்கே மருந்து ஆரம்பித்தார். பென்சிலின் ஊசி சில மணிக்கொரு தடவை. சல்பா மாத்திரையைப் பொடித்து, மூக்கு வழியாக விட்ட குழாயில் ஊற்றினார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்ததில் கிருமி இன்னது என்று தெளிவாகப் பிடிபடவில்லையாம். அதனால் ஸ்ட்ரெப்டோமைசின் என்று இன்னொரு ஊசியும் சேர்த்தார். அதைப் போடுவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டு, "இந்த ஊசி சில பேருக்குக் காதைக் கெடுக்கும். எனக்கு இப்ப உசுருதான் பெருசு. சொல்லாம போடக்கூடாதுன்னு சொல்றேன்" என்றார். சரி என்றோம். உயிர் முன்னால் காது என்ன என்றுதான் எங்களுக்கும் இருந்தது.

வார்டின் கோடியில் தனி அறை, இரண்டு கட்டில். ஒன்றில் பூங்கா. இன்னொன்றில் ஏழுமலை என்று நாலு வயசுப் பையன். அவன் அம்மா அஞ்சலை, நரம்பை என்கிற கடற்கரை ஊர்க்காரி, மீன் விற்கிறவள். அவனுக்கும் மூளைக்காய்ச்சல்தான், ஆனால் வேறு கிருமி. டி.பி. கிருமி. அது அவசரப்படாது. மூன்று வாரமாகப் பிள்ளை சோர்ந்து சோர்ந்து படுத்து, மாலையில் காய்ச்சலடித்து, மெல்லமெல்ல நினைவு தப்பியதாம். வீட்டில் இருமிக்கொண்டிருந்த மாமனாரிடமிருந்து வந்தது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கிருமிக்கு முக்கியமான மருந்தே ஸ்ட்ரெப்டோமைசின்தான். மாசக்கணக்கில் தினம் போட வேண்டும். நாங்கள் போனபோது அவனுக்கு இருபது ஊசிக்கு மேல் ஆகியிருந்தது. அம்மாவை அடையாளம் தெரிய ஆரம்பித்திருந்தது.

அஞ்சலை என்னைவிடப் பெரியவள். வந்த அன்றைக்கே எனக்கு அக்கா ஆகிவிட்டாள். மாற்றுப் புடவை இல்லாமல் நின்ற எனக்குத் தன் புடவையைக் கொடுத்தாள். வெந்நீர் எங்கே கிடைக்கும், எந்த ஆயாவிடம் எப்படிப் பேச வேண்டும், ஒரே பக்கம் கிடந்து புண் வராமல் பிள்ளையை எப்படிப் புரட்ட வேண்டும் எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். அவள் புருஷன் இரண்டு நாளுக்கு ஒருமுறை கஞ்சியும் சுட்ட கருவாடும் கொண்டுவருவான். பாதி எனக்கு வரும். நான் சாப்பிடாமல் உட்கார்ந்தால், "தின்னுடி. நீ படுத்துட்டா ரெண்டு புள்ளைக்கும் நான்தான் பீ வாரணும்" என்பாள்.

ஒன்பது நாள் பூங்கா கண் திறக்கவில்லை. டாக்டர் இன்னும் இரண்டு தடவை முதுகில் நீர் எடுத்தார். இரண்டாவது தடவை கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆனாலும் பிள்ளை கட்டை மாதிரிதான் கிடந்தாள். மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. செத்துவிடுவாள் என்றே முடிவு பண்ணிவிட்டேன். அந்த மூன்று நாளை நினைக்காத நிமிஷம் இல்லை. ஆனால் வாயைத் திறந்து சொல்ல வரவில்லை. சொல்லி இனி என்ன ஆகப்போகிறது, மருந்துதான் நடக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலை, "தண்ணி" என்று ஒரு சத்தம். பூங்காதான். அறை அதிர்கிற மாதிரி கேட்டாள். அஞ்சலை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நான் ஓவென்று அழுதேன். மாசேர்கூட கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கெல்லாம் பூங்கா பேசிக்கொண்டே இருந்தாள். கன்றுக்குட்டி எங்கே, அப்பா எங்கே, எனக்கு ஏன் மொட்டை மாதிரி முடி வெட்டியிருக்கிறது, எல்லாமே கத்தல்தான். "மெதுவா பேசச் சொல்லு தனம், ஏழுமல தூங்கறான்" என்றாள் அஞ்சலை. நான் சொன்னேன். மறுபடியும் கத்தினாள். இரண்டாம் தடவை அதட்டினேன். பூங்கா என் வாயையே உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா வாய மட்டும் அசைக்கற? பேசு" என்றாள்.

அஞ்சலை அவள் பின்னால் போய் நின்று கை தட்டினாள். கிண்ணத்தைத் தட்டினாள். பிள்ளை திரும்பவே இல்லை.

டாக்டர் வந்து இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் காதோரம் பிடித்தார். காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இல்ல" என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து நின்றார். விஷயம் கேட்டதும் அந்த மனுஷனுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

"காதக் கெடுக்கும்னு நீயே சொன்னியே. தெரிஞ்சே போட்டுட்டியே" என்று டாக்டரைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. "இந்த நோயும் காதைக் கெடுக்குங்க. ஆனா அது மருந்து இல்லாம கெடக்கற முதல் ரெண்டு மூணு நாள்லதான் கெடுக்கும். நீங்க மறுநாளே கொண்டாந்துட்டீங்க. அப்ப ஊசியாத்தான் இருக்கணும். சில உடம்புக்குக் கொஞ்சமே போதும். நான்தான் போட்டேன்" என்றார். அவ்வளவு சின்னப் பையனாக அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நான் அங்கேதான் நின்றேன். இல்லை சாமி, மூணு நாளு, நான்தான் பூட்டி வைத்தேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. என் மேல் விழ வேண்டியது அவர் மேல் விழுகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஏழுமலைக்கு ஊசி போட மாசேர் வந்தாள். அஞ்சலை பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "வாணாம்" என்றாள். மாசேர் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் கெஞ்சினார். "உங்க புள்ளைக்கு இருக்கறது வேற கிருமிம்மா. இந்த ஊசி நின்னா புள்ள தங்காது. காதை நான் தினம் பார்த்துக்கறேன்" என்றார்.

"கடல்ல போறவன் புள்ளைங்க. காத்து சத்தம் கேக்காம, கூப்புட்ட கொரல் கேக்காம எப்படிப் பொழப்பான்? இதுவே போதும், எழுந்துட்டான்ல" என்றாள் அஞ்சலை. பிறகு என்னைப் பார்த்தாள். "தனம், நீ சொல்லு. ஊசிதான?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"ஆமாங்கா" என்றேன்.

மறுநாள் காலையில் அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். போகும்போது மிச்சம் இருந்த கருவாட்டை என் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

பக்கத்துக் கட்டில் காலியாகக் கிடந்தது. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை சாகவில்லை, இனிச் சாகவும் மாட்டாள். அந்தப் பிள்ளை செத்துவிடும். நான் சொன்ன ஒரு வார்த்தையால் செத்துவிடும். மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்காரர் வந்ததும் அவரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, வேப்பிலை, எல்லாம்.

பூங்கா அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சோறு எடுக்க ஆள் வந்தானே. அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லி உட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். பிறகு எழுந்துபோய் டாக்டர் முன்னால் கும்பிட்டபடி நின்றார். பின்னாலேயே போய் நான் சொன்னேன்.

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "மூணு நாளா" என்றார். "அப்ப நோயாத்தான் இருக்கும். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது, ஆனா பெரும்பாலும் நோய்தான்." பிறகு, "அந்தம்மா ஊரு நரம்பைதானே?" என்று எழுந்தார்.

ஆஸ்பத்திரி வண்டியில் மாசேரும் நானும் போனோம். அஞ்சலை வீட்டுக்கு முன்னால் மணலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை முழித்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் பார்வை எதிலும் நிற்கவில்லை. நான் அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு சொன்னேன்.

அவள் கேட்டு முடித்தாள். "அன்னிக்கு ஊசிதான்னு சொன்ன. இன்னிக்கு ஊசி இல்லன்னு சொல்ற. ரெண்டும் இந்த வாய்தான் சொல்லுது. நான் எந்தத் தனத்த நம்பறது?" என்றாள்.

"இதாங்கா நெசம்."

"டாக்டரு சொல்லி அனுப்பினாரா?"

"இல்லக்கா. நானாதான் சொன்னன்."

"வண்டி அவருதாச்சே" என்றாள். மாசேர் தனக்குத் தெரிந்த தமிழில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அஞ்சலை புருஷன் வந்து, போய்ட்டு வாங்க என்று மரியாதையாகவே சொன்னான். நாங்கள் வண்டி ஏறினோம்.

பங்குனியில் பூங்காவை மறுபடி காட்டப் போனபோது டாக்டர்தான் சொன்னார். வலிப்பு வந்த பிறகு தூக்கிக்கொண்டு வந்தார்களாம். ஊசியை மறுபடி ஆரம்பித்தாராம். ஏழுமலை ஆறு நாள்தான் இருந்தானாம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் புத்தி சொல்கிற யோக்கியதையில் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். காய்ச்சலோடு தலைவலியும் வாந்தியும் இருந்து, கழுத்து மடங்காமல் போனால், வெளிச்சம் ஆகாமல் போனால், அழுத்தினாலும் மறையாத புள்ளி தெரிந்தால், அது எந்தச் சாமியாக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்டால் எப்போதிலிருந்தோ அதைச் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

பூங்கா வளர்ந்தாள். பள்ளிக்கூடம் கிடையாது. உதட்டைப் பார்த்துத் தானாகவே பேச்சைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். பேச்சு கொஞ்சம் கொழகொழப்பாகிவிட்டது, எங்களுக்குப் புரியும். அஞ்சலை மறுபடி மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பாகூர்ப் பக்கம் வர ஆரம்பித்தாள். வாய்க்கால் கரைமேல் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் வாசலில் நின்றால் நிற்கமாட்டாள். பூங்கா நின்றால் கூடையை இறக்கி, ஒரு கை நெத்திலியை அவள் பாத்திரத்தில் போட்டு, கன்னத்தைத் தடவிவிட்டுப் போவாள். காசு வாங்கமாட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. இத்தனை வருஷமாக அப்படித்தான்.

பூங்காவுக்கு இப்போது பத்தொன்பது. போன ஐப்பசியில் ஒரு நாள் மீன் பாத்திரத்தோடு உள்ளே வந்து கேட்டாள்.

"அந்த மீன்காரம்மா ஏம்மா எனக்கு மட்டும் சும்மா குடுக்கறாங்க? உன்ன பாத்தா ஏன் மூஞ்ச திருப்பிக்கறாங்க?"

ஏதாவது ஒன்றைச் சொல்லி மழுப்பியிருக்கலாம். வழக்கமாக அதைத்தான் செய்கிறவள் நான். அன்றைக்கு என்னவோ உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவளைப் பார்த்துச் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, கடகடவென்று கொட்டினேன். வேப்பிலையைச் சொன்னேன், மூன்று நாளைச் சொன்னேன், ஆமாங்கா என்று சொன்னதைச் சொன்னேன், ஏழுமலையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் மார்பில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன்.

பூங்கா என் முகத்தைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் புரியலம்மா. நீ கீழயே பாத்துப் பேசற" என்றாள். என் முகவாய்க்கட்டையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "என்னப் பாத்து மெதுவா சொல்லு."

ஒவ்வொரு வார்த்தையாக, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.